பெப்பு வெந்நீர் ஊற்று ஊரில் எங்கே, எப்போது, எப்படிச் சாப்பிடுவது: முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஓன்சென் ஊருக்கு, அதாவது வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகிறவர்கள் குளியலைப் பற்றி நிறையப் படித்துவிட்டுப் போகிறார்கள், சாப்பாட்டை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய நகரத்தில் அது நடக்கும். ஓன்சென் ஊரில் நடக்காது. மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், இரவு எட்டு மணிக்குப் பல கடைகளில் விளக்கு அணைந்துவிடும், விடுதியிலோ முன்கூட்டிச் சொல்லாதவர்களுக்கு ஒரு கரண்டிச் சோறுகூடக் கிடைக்காது. அதனால் குளியலைவிடச் சாப்பாட்டுக்குத்தான் முதலில் திட்டம் வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது பெப்பு. கியூஷூ தீவில், ஓயிட்டா மாநிலத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற ஊர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன, ஜப்பானில் வேறெந்த ஊரிலும் இத்தனை இல்லை. ஊர் முழுக்கச் சாக்கடை மூடியிலிருந்தும் வீட்டுக் கொல்லையிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியிலேயே சமைத்துச் சாப்பிடுவது அங்கே நூற்றாண்டுகளாக இருக்கிற பழக்கம். இட்லியும் புட்டும் இடியாப்பமும் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு ஆவியில் வெந்த சாப்பாட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால்தான் ஜப்பானுக்குப் போகிற எல்லாரிடமும் இந்த ஊரைச் சொல்கிறேன்.

போவது எளிது. ஃபுக்குவோக்காவின் ஹகாட்டா நிலையத்திலிருந்து சோனிக் விரைவு ரயிலில் இரண்டு மணி நேரம். ஓயிட்டா விமான நிலையத்தில் இறங்கினால் பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

முதல் படி: விடுதியில் எத்தனை வேளைச் சாப்பாடு என்பதை முன்பதிவுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

ரியோக்கான் எனப்படும் ஜப்பானிய விடுதிகளில் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு என்று விலை சொல்வார்கள், அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்திருக்கும். இதற்கு இப்பாக்கு நிஷோக்கு என்று பெயர், ஓர் இரவு, இரண்டு வேளை. சாப்பாடே இல்லாமல் அறை மட்டும் எடுப்பது சுதோமாரி. காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்தும் சில இடங்களில் தருவார்கள். முன்பதிவுத் தளத்தில் இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தியவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள்.

என் யோசனை இது. இரண்டு இரவு தங்கினால் ஓர் இரவு மட்டும் சாப்பாட்டோடு எடுங்கள், மற்ற இரவு சுதோமாரி. ரியோக்கான் இரவுச் சாப்பாடு ஒரு தடவை கட்டாயம் பார்க்க வேண்டிய அனுபவம்: சின்னச் சின்னக் கிண்ணங்களில் பத்துப் பதினைந்து வகை, பச்சை மீன் துண்டுகள், சுட்ட மீன், மேசையிலேயே சிறு அடுப்பில் கொதிக்கும் சட்டி, ஆவியில் வெந்த முட்டைக் கூழ், கடைசியில் சோறும் மிசோ சூப்பும் ஊறுகாயும். ஆனால் இரண்டாவது நாளும் அதே வரிசையில் வரும்போது வயிறும் தாங்காது, பணமும் தாங்காது, ஊரில் சாப்பிட நேரமும் இருக்காது.

இன்னொன்று. இரவுச் சாப்பாடு ஆறு மணி அல்லது ஆறரை மணி என்றால் அது ஆறு அல்லது ஆறரைதான். நம் ஊர் மாதிரி எட்டரைக்கு வந்து கேட்க முடியாது. உங்களுக்காக ஒவ்வொரு கிண்ணத்தையும் நேரம் பார்த்துத் தயார் செய்திருப்பார்கள். ரயில் தாமதமானால் உடனே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

தரையில் உட்கார முடியாத பெரியவர்கள் கூட வந்தால், நாற்காலி மேசை வேண்டும் என்பதையும் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அதை எழுதியிருந்ததால் குட்டை நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள், அம்மா அதை இன்றும் சொல்வார்.

இரண்டாவது படி: என்ன சாப்பிட மாட்டீர்கள் என்பதைத் தெளிவாக, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்

இது சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் மிக முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஜப்பானில் 'நான் சைவம்' என்று சொன்னால் இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். சிக்கல் குழம்பில் இருக்கிறது. அங்கே எல்லாச் சமையலுக்கும் அடித்தளம் டாஷி என்கிற சாறு, அதைக் கட்சுவோபுஷி என்ற காய்ந்த சூரை மீன் சீவலிலும் கொம்பு என்ற கடற்பாசியிலும் எடுக்கிறார்கள். மிசோ சூப், வேகவைத்த காய், நூடுல்ஸ் குழம்பு, முட்டைக் கூழ், சில ஊறுகாய்கள், தொட்டுக்கொள்ளும் பொன்சு சாறு வரை அது போயிருக்கும். ஆக, 'இறைச்சி, மீன், இறால் வகை, மீன் டாஷி, எதுவும் வேண்டாம். முட்டையும் பாலும் சரி' என்பது போல வரிசையாக எழுத வேண்டும். கடற்பாசி டாஷி மட்டும் போட்டால் சரி என்பதையும் சேர்த்து எழுதுங்கள், சமையல்காரருக்கு ஒரு வழி கிடைக்கும்.

எப்போது சொல்வது? முன்பதிவு செய்யும்போதே. போய் இறங்கிய பிறகு சொன்னால் ஒன்றும் நடக்காது. என் முதல் பயணத்தில் ஒரு விடுதியில் நான் வாசலில் வைத்துத்தான் அம்மா சைவம் என்று சொன்னேன். அவர்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள், அன்று இரவு அம்மாவுக்குக் கிடைத்தது வெறும் சோறும் ஊறுகாயும் ஒரு தட்டு டோஃபுவும். தவறு அவர்களுடையது இல்லை. பொருளை முதல் நாளே வாங்கிவிடுகிற சமையலறைகள் அவை.

தொலைபேசியில் ஜப்பானிய மொழியில் இதை எழுதிச் சேமித்து வையுங்கள், கடைகளில் காட்டினால் போதும். வாயால் சொல்ல ஒரு வரி: 'நிகு தோ சகானா வா தபெராரெமசென்', அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது.

வீட்டிலிருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி எடுத்துப் போங்கள். நிஜமாகவே உதவும், ஏன் என்று கீழே வரும். மாமிசம் கலந்த எதையும், பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலைக் கொத்து ஆகியவற்றையும் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

மூன்றாவது படி: ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து வையுங்கள்

பெப்பு ஒரே இடத்தில் குவிந்திருக்கிற ஊர் இல்லை. எட்டு ஓன்சென் பகுதிகள் இருக்கின்றன, சாப்பாட்டுக்காக மூன்று தெரிந்தால் போதும். கடல் பக்கம் ரயில் நிலையத்தைச் சுற்றியது, இரவில் சாப்பிட இடம் கிடைப்பது இங்கேதான். மலைச் சரிவில் கன்னாவா, நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து பேருந்தில் இருபது நிமிடம் போல, ஆவிச் சமையலுக்கு இதுதான் இடம். அதற்கும் மேலே மியோபான், கந்தக வாசனையோடு சிற்றுண்டிக்கு. பேருந்துக்கு ஒருநாள் பாஸ் இருக்கிறது, மூன்றையும் ஒரே நாளில் சுற்றினால் அது லாபம்.

காலை மியோபான், மதியம் கன்னாவா, மாலை குளியல், இரவு நிலையம் பக்கம். அல்லது காலை கன்னாவா, மதியத்துக்குப் பிறகு மியோபான். எப்படிப் போனாலும் இரவுக்குக் கீழே இறங்கிவிடுங்கள்.

நான்காவது படி: கன்னாவாவில் நீங்களே சமையுங்கள்

இதற்கு ஜிகோக்கு முஷி என்று பெயர். ஜிகோக்கு என்றால் நரகம். கொதிநீர் பொங்குகிற குளங்களுக்கு அந்தக் காலத்து மக்கள் வைத்த பெயர் அது, அவற்றில் ஏழு குளங்களை இன்று கட்டணம் வாங்கிக் காட்டுகிறார்கள். முஷி என்றால் ஆவியில் வேகவைப்பது. கன்னாவாவின் பழைய விடுதிகளில் மாதக்கணக்கில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த விவசாயக் குடும்பங்கள், அரிசியும் காயும் கையோடு கொண்டுவந்து முற்றத்தில் இருக்கிற ஆவி அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அப்படி அறையை வாடகைக்கு விட்டு அடுப்பையும் தருகிற விடுதிகள் இன்றும் சில இருக்கின்றன, கஷிமா என்று கேளுங்கள். சைவக் குடும்பம் மூன்று நான்கு நாள் தங்குவதற்கு ஜப்பான் முழுக்கத் தேடினாலும் இதைவிட வசதி கிடைப்பது கடினம்.

ஒரு வேளை மட்டும் சமைக்க வேண்டுமானால் ஜிகோக்கு முஷி கோபோ கன்னாவா என்ற பொதுக் கூடம் இருக்கிறது. 2010-இல் திறந்தார்கள். வேலை இப்படி நடக்கும்.

போனவுடன் வரிசைச் சீட்டு வாங்குங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே காத்திருக்க வேண்டி வரும், ஆகவே பதினொரு மணிக்கு முன்னால் போய்விடுவது நல்லது. காத்திருக்கிற நேரத்தில் பக்கத்திலேயே பாதங்களை மட்டும் ஆவியில் வைக்கிற இடமும் கால் குளியலும் இருக்கின்றன. மூலிகை பரப்பிய கல் அறையில் படுத்து வேர்க்கிற கன்னாவா முஷியுவும் அருகில்தான், 1276-இல் இப்பேன் என்ற துறவி தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

உங்கள் முறை வந்ததும் இயந்திரத்தில் சீட்டு எடுக்க வேண்டும்: அடுப்பு வாடகைக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. அடுப்பு வாடகை நேரக் கணக்கு, கூடுதல் நேரத்துக்குத் தனிக் காசு. காய்கறித் தட்டு, கடல் உணவுத் தட்டு, இறைச்சித் தட்டு, தனி முட்டை, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று அங்கேயே விற்கிறார்கள். வெளியிலிருந்து நீங்கள் வாங்கி வந்ததையும் வேகவைக்கலாம், அதுதான் எனக்குப் பிடித்த வழி. முதல் நாள் மாலையே நிலையம் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் பூசணி, சோளம், முட்டைக்கோஸ், கிழங்கு, காளான் வாங்கி வையுங்கள். ஓயிட்டா மாநிலம் உலர்ந்த ஷீத்தாக்கே காளானுக்கு ஜப்பானிலேயே முதலிடம், பச்சையாகக் கிடைக்கிற ஷீத்தாக்கேயும் நன்றாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் மூங்கில் அல்லது உலோகத் தட்டில் அடுக்கி, கையில் தடித்த உறை மாட்டிக்கொண்டு அடுப்புக் குழிக்குள் இறக்க வேண்டும். இங்கே கவனம். அது கிட்டத்தட்ட நூறு டிகிரி ஆவி. மூடியைத் திறக்கும்போது முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள், குழந்தைகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்கள், கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிடுவது நல்லது. ஊழியர் பக்கத்தில் நின்று சொல்லித்தருவார், கடிகாரமும் கொடுப்பார்.

எதற்கு எவ்வளவு நேரம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. முட்டை சீக்கிரம் வெந்துவிடும், எட்டுப் பத்து நிமிடம் போதும். முட்டைக்கோஸ், காளானும் அப்படித்தான். பூசணிக்குக் கொஞ்சம் கூட. சர்க்கரைவள்ளிதான் அரை மணி நேரம் வரை கேட்கும், அதை முதலில் உள்ளே வைத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துவிட்டுக் கிழங்கு வேகவில்லை, முட்டைக்கோஸ் குழைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

தொட்டுக்கொள்ளத் தருகிற பொன்சு சாற்றில் மீன் சாறு இருக்கலாம், சைவர்கள் உப்பு மட்டும் கேளுங்கள். இப்போதுதான் அந்தப் பொடி வருகிறது. ஆவியில் வெந்த சோளத்தின் மேல் அம்மா மிளகாய்ப் பொடியைத் தூவி எனக்கு நீட்டினார், கன்னாவாவில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் மிகவும் பிடித்தது. ஆவியிலேயே லேசாக ஓர் உப்புச் சுவை இருக்கிறது, காயின் இனிப்பு நம் வீட்டு இட்லிச் சட்டியில் வருவதைவிடத் தூக்கலாகத் தெரிகிறது. சோறு வேண்டுமானால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வரும் வழியில் கடையில் ஓனிகிரி உருண்டை இரண்டு வாங்கிவிட்டால் போதும். உமேபோஷி என்ற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்தது பெரும்பாலும் நமக்கு ஒத்துவரும், சைவம் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் மட்டும் உறைப் பின்னால் இருக்கிற பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்தால் தட்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சரி, அவ்வளவுதான்.

நரகக் குளங்களைப் பார்க்கப் போனால் அங்கேயும் ஏதாவது கொறிக்கலாம். நீல நிறத்தில் கொதிக்கிற ஊமி ஜிகோக்குவிலும், கமாதோ ஜிகோக்குவிலும் ஆவியில் வெந்த முட்டை, புட்டிங் விற்கிறார்கள். சிவப்புக் குளமான சினோஇக்கே கன்னாவாவிலிருந்து தள்ளி இருக்கிறது, நடந்து போகலாம் என்று மதிய வேளையில் கிளம்பிவிடாதீர்கள், பேருந்தில் போங்கள்.

ஐந்தாவது படி: ஊருக்கே உரிய சாப்பாட்டை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள்

தொரிதென். கோழி இறைச்சியை மாவில் தோய்த்துப் பொரிப்பது, நம் பஜ்ஜிக்குப் பக்கத்து உறவு. கபோசு என்கிற பச்சை எலுமிச்சை வகைச் சாறு கலந்த பொன்சுவும் கடுகு விழுதும் தொட்டுச் சாப்பிடுவார்கள். அந்தக் கபோசு முழுக்க முழுக்க ஓயிட்டாவின் சொத்து, ஜப்பானில் விளைகிற கபோசுவில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. தொரிதென் பிறந்த இடம் என்று சொல்லப்படுவது 1926-இல் தொடங்கிய தோயோகென் உணவகம், நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, பேருந்திலோ டாக்சியிலோ போங்கள். மதியம் பதினொன்றரைக்கே போய்ப் பெயரெழுதி வையுங்கள். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் தவிர்த்து அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஊரிலேயே கவலையில்லாத தட்டு இதுதான், கோழியும் சோறும் முட்டைக்கோஸும். கூட வருகிற சூப்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெப்பு ரெய்மென், குளிர் நூடுல்ஸ். போருக்குப் பிறகு மஞ்சூரியாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது. கோதுமையும் பக்வீட்டும் கலந்த தடித்த நூடுல்ஸ், நன்றாகக் கடித்து மென்று சாப்பிட வேண்டும், மேலே முட்டைக்கோஸில் செய்த கிம்ச்சி என்ற கார ஊறுகாய். கோடையில் வெந்நீரில் குளித்து வெளியே வந்தவுடன் இதைப் போல் இதம் தருவது எதுவுமில்லை. ஆனால் குழம்பு மாட்டெலும்பில் எடுத்தது, மேலே மாட்டிறைச்சித் துண்டும் இருக்கும். துண்டை எடுத்துவிடச் சொல்லிப் பயனில்லை.

டாங்கோ ஜிரு. பெயரில் டாங்கோ, அதாவது கொழுக்கட்டை, என்று இருந்தாலும் வருவது பட்டையாக இழுத்த கோதுமை மாவுத் துண்டுகள். மிசோ சூப்பில் கேரட், சேப்பங்கிழங்கு, காளானோடு கொதிக்கும், குளிர்காலத்துக்கு மிகப் பொருத்தம், சில கடைகளில் பன்றி இறைச்சியும் போடுவார்கள், கேட்டுவிடுங்கள். அதே மாவுப் பட்டையை வேகவைத்து, கினாக்கோ என்ற வறுத்த சோயா மாவும் சர்க்கரையும் புரட்டினால் யசேஉமா. மீனுக்கும் இறைச்சிக்கும் சம்பந்தமே இல்லாத இனிப்பு. சத்து மாவு உருண்டையின் வாசனை வரும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் ரியூக்யூ கேட்டுப் பாருங்கள், பச்சை மீன் துண்டுகளைச் சோயா சாறு, இஞ்சி, எள்ளில் ஊறவைத்துச் சோற்றின் மேல் வைப்பது, விலை அதிகமில்லை. விலை அதிகமானது செகி அஜி, செகி சபா: சகனோசெக்கி துறையில் வலை போடாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிற பாரை வகையும் கானாங்கெளுத்தி வகையும். பணம் கொடுத்துச் சாப்பிடுவதாக இருந்தால் இதற்குக் கொடுங்கள் என்பேன், ரியோக்கான் தட்டை ஒரு படி உயர்த்தி வாங்குவதற்குப் பதிலாக.

ஆறாவது படி: மியோபானுக்குச் சிற்றுண்டி நேரத்தில் போங்கள்

கன்னாவாவைத் தாண்டி மேலே ஏறினால் வைக்கோல் வேய்ந்த குடிசைகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்குள் களிமண் தரை வழியாக ஆவி வந்து, யுனோஹானா என்ற உப்புப் படிகம் பூக்கிறது. வீட்டுத் தொட்டியில் கலந்து குளிப்பதற்கு அதைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். அங்கே ஒகாமோத்தோயா கடையில் ஆவியில் வேகவைத்த புட்டிங் சாப்பிடாமல் இறங்காதீர்கள், அடியில் இருக்கிற கருகிய சர்க்கரைப் பாகு நன்றாகக் கசக்கும், அந்தக் கசப்புதான் அதன் சிறப்பு. ஆவியில் வெந்த முட்டை வைத்த ரொட்டியும் உண்டு. முட்டை சாப்பிடுகிற சைவர்களுக்கு இது ஒரு முழு மதியச் சாப்பாடு.

ஏழாவது படி: இரவுக்கும் நேரத்துக்கும்

மதியச் சாப்பாடு பதினொன்றரை முதல் இரண்டு வரை. கடைசி ஆர்டர் என்று ஒரு நேரம் இருக்கும், மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால். இரண்டு மணிக்கு மேல் ஐந்தரை வரை பல கடைகள் அடைப்பு. புதன், வியாழன் விடுமுறை விடுகிற கடைகள் நிறைய, வார நடுவில் போகிறவர்கள் முதல் நாளே பார்த்து வையுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், சின்னக் கடைகளில் அட்டை வாங்குவதில்லை. டிப்ஸ் கொடுக்காதீர்கள், திருப்பிக் கொடுக்க உங்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள்.

இரவில் நிலையத்தின் கிழக்குப் பக்கம், கித்தஹாமா வரை உள்ள சந்துகளில் இசாக்காயா எனப்படும், குடிக்கவும் சாப்பிடவும் உட்காரும் கடைகள் இருக்கின்றன. உட்கார்ந்தவுடன் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், ஓதோஷி, அதற்குக் காசு உண்டு, அது ஏமாற்று இல்லை, இருக்கைக் கட்டணம் மாதிரி. மலைமேல் ரிட்சுமெய்க்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் 2000-இல் தொடங்கியதிலிருந்து இலங்கை, இந்தியா, வங்கதேசம், இந்தோனேசியா என்று பல நாட்டு மாணவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், ஊரில் பள்ளிவாசலும் இருக்கிறது. இத்தனை சிறிய ஊரில் பருப்பும் சோறும், ஹலால் சாப்பாடும் தேடினால் கிடைப்பது அதனால்தான். மூன்றாம் நாள் நாக்கு காரத்துக்கு ஏங்கும்போது இது பெரிய ஆறுதல்.

எதுவும் அமையவில்லையா? சூப்பர் மார்க்கெட்டில் மாலை ஏழுக்குப் பிறகு சோற்றுப் பெட்டிகளில் விலைக் குறைப்பு ஒட்டுவார்கள். அதை வாங்கி அறையில் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை.

குளியலையும் இதோடு பொருத்திக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே வெந்நீரில் இறங்கக் கூடாது, குடித்துவிட்டு இறங்கவே கூடாது. நாலரைக்கு ஒரு குளியல், தண்ணீர் அல்லது கண்ணாடிப் பாட்டிலில் வருகிற காப்பிப் பால், ஆறரைக்குச் சாப்பாடு, ஒரு மணி நேரம் ஓய்வு, படுக்கும் முன் மறுபடி ஒரு சின்னக் குளியல். விடுதியில் தருகிற யுகாத்தா என்ற பருத்தி அங்கியை உடுத்துச் சாப்பிட வரலாம், இடது மடிப்பு மேலே வரும்படி கட்டுங்கள், வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

கிளம்புகிற காலையில்

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் தோமொனாகா என்ற ரொட்டிக் கடை, 1916-இலிருந்து நடக்கிறது. திறக்கும் முன்பே ஆள் நிற்கும், உள்ளே நுழைந்து எண் சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும், ஞாயிறு விடுமுறை. இனிப்புப் பயறு வைத்த பன் ரொட்டி விலை மிகக் குறைவு, சூடாகக் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹகாட்டா போகிற ரயிலில் கடல் வலது பக்கம் வரும், அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்தால் போதும்.